வெறும் இலை

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. காலையில் வளைகாப்பு நடந்தது. பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவே வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டது. உறவினர்கள் கலவைச் சாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். அது கெட்டுப்போனது என்று வளைகாப்பு வீட்டார் சொன்னால் தவிர, ஒருவரும் அதைக் கொட்டமாட்டார்கள். சுகாதார ஆய்வாளர் இருதயராஜ் வீடு வீடாகக் கேட்டார். "சாப்பாடு அமிர்தம் சார், வெயில்தான் ஒத்துக்கல" என்றார்கள், எழுந்திருக்க முடியாமல். குறை சொன்னால் அது பிள்ளைத்தாய்ச்சியின் மேல் விழும்.

கடைசியாக வளைகாப்பு வீட்டுக்கே போனார். கோமளா சுவரில் சாய்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள்.

அவள் முன்னால் ஒரு வெறும் இலையை விரித்தார். "வாயால சொல்ல வேணாம்மா. எந்தச் சாதம்னு தொட்டுக் காட்டு, போதும்."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று சிரித்தாள் மாமியார். "ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. மாசமா இருக்கறவ எடுக்காம, நீங்களா எடுப்பீங்க?"

"ஏழாம் மாசத்துலயாம்மா?"

மாமியாரின் சிரிப்பு நின்றது. பிறகு கோமளா மெல்லக் கையை நீட்டி, தேங்காய்ச் சாதம் பரிமாறும் இடத்தில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே இருந்தது. வளையல்கள் மட்டும் நடுங்கி ஒலித்துக்கொண்டே இருந்தன.

அதன்பின் மாமியாரே ஒவ்வொரு ஊருக்கும் போன் செய்தாள். பொட்டலங்களைக் கொட்டினார்கள். தெருவில் எல்லோரும் பிழைத்தார்கள். கோமளாவும் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.