ஆண்டிச்சாமியின் சொந்தபந்தம்

"இவருதாங்க மேடம் நம்ம வீட்டு மருமகப்பிள்ளை" என்று அருள்தாஸின் தோளில் கை போட்டார் ஆண்டிச்சாமி. குரல் தழுதழுத்தது. பார்க்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அவ்வளவு பாசம்.

அருள்தாஸின் சட்டைக்குள்ளிருந்து சிலுவை டாலர் எட்டிப் பார்த்தது. ஆண்டிச்சாமி அசரவில்லை. "லவ் மேரேஜுங்க" என்று அதையும் சேர்த்தே சமாளித்தார். எதிரே நின்ற வரி ஆபீஸ் அம்மாள் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

ஆண்டிச்சாமிக்கு மகளே கிடையாது என்பது வேறு விஷயம். இருந்த ஒரே பிள்ளையும் துபாயில் இருந்தான். அவன் அனுப்பிய காசில் கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கீழே மூன்று, மாடியில் ஒன்று என்று நாலு வீடு கட்டி, எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் மகராசன் அவர்.

சொந்தக் குடும்பம் குடியிருந்தால் ஒரு வரி. வாடகைக்கு விட்டால் அதைவிடக் கூடுதல் வரி. ஆறு வருஷத்துக்கு முன்னால், 'எல்லாம் எங்க குடும்பந்தான்' என்று எழுதி, மனசாட்சியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். இப்போது பேரூராட்சியிலிருந்து வீடு வீடாக வந்து திரும்பவும் சரிபார்க்கிறார்கள்.

பொய் என்று தெரிந்தால் ஆறு வருஷத்து வித்தியாசத்தையும் அபராதத்தோடு எடுத்து வைக்க வேண்டும். பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஐந்தாவது வீடு தளம் போடாமலே மழையில் நிற்கும்.

அதனால்தான் நாடகக்காரர்களே தோற்றுப்போகிற மாதிரி ஒத்திகை. திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வரும் அருள்தாஸ் மருமகன். ரிட்டயர்டு கண்டக்டர் பிச்சைமுத்து பங்காளி. மருந்துக் கம்பெனி ரகுநாத் கொழுந்தியா மகன். வாடகை ஒரு நாள் தள்ளிப்போனால் தண்ணி மோட்டாரை நிறுத்திவிடுகிற மனுஷனுக்கு, ஒரே வாரத்தில் எத்தனை உறவு!

காலியாகக் கிடந்த மாடி வீட்டுக்குக்கூட ஆள் தயார். மாறுதலாகி வருகிறேன், வீடு வேண்டும் என்று மணமேல்குடியிலிருந்து ஒரு பெண் போன் செய்திருந்தாள். பஸ் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கவர்மெண்டு சம்பளம் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் அவர் எதையும் விசாரிக்கவில்லை.

வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் பத்து மாசம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "யாரும் வந்து கேட்டா என் அண்ணன் மகன்னு... சே, அண்ணன் மகள்னு சொல்லணும் தாயி. என்னையச் சித்தப்பான்னுதான் கூப்புடணும்" என்று பாடமும் நடத்தி முடித்தார். அவளும் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாள்.

இப்போது அடுத்த வாசலில் பிச்சைமுத்து நின்றார். "வாங்க ஓனர்..." என்று ஆரம்பித்தவர், ஆண்டிச்சாமி முறைத்த முறைப்பில், "வாய்யா பங்காளி" என்று திருத்திக்கொண்டார்.

"ரெண்டு பேரும் எத்தனை வருசமா பங்காளிங்க?" என்று கேட்டார் வரி ஆபீஸ் அம்மாள்.

"மூணு வருசமாங்க" என்றார் பிச்சைமுத்து, வெள்ளந்தியாக.

"பாவம், வயசாயிருச்சு மேடம். பழசெல்லாம் மறந்துபோச்சு" என்று ஆண்டிச்சாமி ஓடி வந்து நடுவில் விழுந்தார்.

அந்த அம்மாள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "குடுத்து வச்சவருங்க நீங்க. இந்தக் காலத்துல சொந்தக்காரங்க இப்புடி ஒரே காம்பவுண்டுல யாருங்க இருக்கா?" என்று சொல்லிவிட்டு எழுதினார். புது ஆள், விவரம் பத்தாது என்று ஆண்டிச்சாமிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

ரகுநாத், "பெரியப்பா" என்று ஒரு கும்பிடு போட்டு ஒழுங்காகத் தேறினான். அந்த அம்மாள் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"மாடி யாருக்குங்க?"

"எங்க அண்ணன் மகளுக்கு மேடம். எம் மடியில வளந்த புள்ள. ஞாயித்துக்கெழம வாரா. கவர்மெண்டு உத்தியோகம்."

"சந்தோசங்க. எந்த ஆபீஸுல?"

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க? ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வந்துருது." சொன்ன பிறகுதான் ஆண்டிச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் பேனாவை மூடினார். படிவத்தை அவர் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

ஆண்டிச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கீழ் வீடு மூன்றுக்கும் நேராக 'வாடகை' என்று எழுதியிருந்தது. மாடிக்கு நேராக, வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம். அதற்கும் கீழே, ஆறு வருஷ நிலுவை, அபராதம். ஐந்தாவது வீடு அப்படியே கண்ணெதிரே இடிந்து விழுந்தது.

"அநியாயமா இருக்கே மேடம்! எல்லாம் என் ரத்த சொந்தம்னு வாய் வலிக்கச் சொல்லிக்கிட்டு வாரேன். வாடகைன்னு எந்தப் பய சொன்னான் ஒங்ககிட்ட?"

"நீங்கதான் சித்தப்பா, வெள்ளிக்கெழம போன்ல."