ரெண்டு செகண்டு

"அண்ணே, இன்னைக்கு மட்டும் அந்தப் பொத்தான்ல விரலை வெச்சீங்க, விரல் உங்க கையில இருக்காது. சொல்லிட்டேன்!"

ரேடியோ ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா அவ போட்ட சத்தம் இது. காலை நிகழ்ச்சி நடத்துறவ. யாரு குரல்ல வேணும்னாலும் பேசுவா. அதனால அவளுக்கு 'ஆயிரம் வாய்'னு பேரு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவரு நிமிந்துகூடப் பாக்கலை. அவருக்குப் பேரு 'கத்தரி'. இங்க பேசுற பேச்சு ஏழு செகண்டு கழிச்சுத்தான் ஊருக்குக் கேக்கும். அதுக்குள்ள அவரு பொத்தானை அமுக்கிட்டா, அந்தப் பேச்சு செத்துச்சு. ஊரு காதுல 'கீ'ன்னு ஒரு சத்தம்தான் விழும். பத்தொம்பது வருஷமா இதே வேலை. வீட்ல சம்சாரம் கூப்பிட்டாகூட மனுஷன் ஏழு செகண்டு கழிச்சுத்தான் 'என்ன'ம்பாருன்னு ஸ்டேஷனே சிரிக்கும்.

கண்ணாடி மேல மேனேஜர் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாரு. குருவோட பேரு வந்தா வெட்டு. விடுதின்னு வந்தா வெட்டு. பட்டினின்னு வந்தா வெட்டு.

விஷயம் இதுதான். குருன்னா ஊரே கும்பிடுற சாமியாரு. அவரு நடத்துற பள்ளிக்கூட விடுதியில பன்னெண்டு வயசுப் பொண்ணு ஒன்னு, "குருவுக்கு மட்டும் ஏன் தனிச் சமையல்?"னு கேட்டுருச்சு. மனசு சுத்தமாகட்டும்னு மூணு நாளு அதுக்குச் சோறு போடாம ரூம்ல பூட்டிட்டாங்க. நாலாம் நாளு அது எந்திரிக்கலை. காய்ச்சல்னு சொல்லி அடக்கம் பண்ணியாச்சு. எந்தப் பேப்பர்லயும் ஒரு வரி வரலை.

விடுதியில சமைக்கிற அக்கா நேத்து பஸ் ஸ்டாண்டுல இவ கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. "பூட்டின கதவுக்கு வெளிய தட்டோட நின்னேன்மா. தொறக்க விடலை. என் பொண்ணும் அங்கதான் படிக்குது. நான் சொன்னேன்னு தெரிஞ்சா எங்களையும் விட்டுவெக்க மாட்டாங்க."

"பயப்படாதீங்கக்கா, உங்க பேரு வெளிய வராது"ன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்திருந்தா.

பச்சை விளக்கு எரிஞ்சுது. அவ ஆரம்பிச்சா. அச்சு அசல் குருவோட குரல். இழுத்து இழுத்து, தேன்ல ஊறவெச்ச மாதிரி.

"குழந்தாய்... பசி உடம்புக்குத்தான். ஆத்மாவுக்குப் பசிக்காது..."

உடனே சொந்தக் குரல். "அப்போ உங்க ஆத்மாவுக்கு எதுக்குய்யா நாலு வேளைச் சாப்பாடு, நடுவுல நடுவுல ஜூஸு?"

அப்புறம் அந்தப் பொண்ணு கதைக்கு வந்தா. அது குரல்ல பேசிக் காட்டலாம்னு நினைச்சிருந்தா. முடியலை. ஆயிரம் வாய் இருந்தும் அதுக்குன்னு ஒரு வாய் வரலை. அழுதுக்கிட்டே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினா.

கண்ணைத் தொடைச்சிட்டு நிமிந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெட்டினா எரியுற சிவப்பு விளக்கு. கத்தரியோட விரல் பொத்தான் மேல.

நிகழ்ச்சி முடிஞ்சதும் காதுல இருந்ததைக் கழட்டி வீசிட்டு ஓடினா.

"எதை வெட்டினீங்க?"

வழக்கம்போல ஏழு செகண்டு. "ரெண்டே செகண்டுதான்மா."

"அதான் எதை? குரு பேரையா? அந்தப் பொண்ணு செத்ததையா?"

கத்தரி வாசப் பக்கம் பாத்தாரு. நாலு பேரு நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தாங்க. அவரு பாட்டுக்கு வயரைச் சுத்த ஆரம்பிச்சாரு.

"தூ! உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா வெட்டுவீங்களா? அவங்க சோத்தைப் புடுங்கினாங்க, நீங்க பேச்சைப் புடுங்கினீங்க. என்ன பெரிய வித்தியாசம்? சம்பளத்துக்காக எதை வேணும்னாலும் அமுக்குவீங்களா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

அப்போதான் மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தாரு.

"யோவ்! குரு ஆபீஸ்ல இருந்து போன் மேல போன்! சீட்டு ஒட்டினது என்ன அலங்காரத்துக்கா? கார்டைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு!"

அவளுக்கு ஒன்னும் புரியலை. "சார், இவருதான் வெட்டிட்டாரே!"

"எங்கம்மா வெட்டினான்? குரு பேரு போயிருக்கு, விடுதி போயிருக்கு, பட்டினி போயிருக்கு. அந்த ஜூஸுகூடப் போயிருக்கு! ஏதோ ஒரே ஒரு இடத்துல 'கீ'ன்னுச்சு, அவ்வளவுதான். உனக்கும் இருக்கு, இரு வரேன்!" மறுபடி போன் அடிக்க, அவரு ரூமுக்கு ஓடினாரு.

கத்தரி கழுத்துல இருந்த கார்டைக் கழட்டி மேசையில வெச்சாரு. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டாரு. அவளைத் தாண்டும்போது மெல்ல, அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"உள்ள வெட்டு விழாம முழுசாப் பதிவானது இருக்குல்ல, அதை ஒருதரம் கேளு. காதுல மாட்டிக்கிட்டுக் கேளு, யாரும் பக்கத்துல வேணாம். கேட்ட கையோட அழிச்சிரு. மேனேஜர் கைக்குப் போகக் கூடாது."

"அழிக்கணுமா? நானா?"

படி இறங்கிட்டாரு.

கதவைச் சாத்திட்டுக் கேட்டா. குரு குரல், ஜூஸு, பூட்டின ரூம், எல்லாம் அப்படியே வந்துச்சு. அப்புறம் அவ அழுத இடம்.

அங்க, தினமும் நேயர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுற பழக்கத்துல, "கேட்டுக்கிட்டு இருக்கீங்களாக்கா?"ன்னு அந்தச் சமையல்கார அக்காவோட பேரைத் தெள்ளத்தெளிவாச் சொல்லியிருந்தா.