முட்டுக்கல்

"நடுரோட்டுல கல்லை வெச்சுட்டுப் போன அந்தப் புண்ணியவான் எவன்? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

மரச்சாமான் கடை முதலாளி சொன்னதோடு நிற்கவில்லை. அந்தக் கல்லை ஓங்கி ஓர் உதையும் விட்டார். கல் அசையவில்லை. முதலாளிதான் ஒற்றைக்காலில் ரெண்டு சுற்று சுற்றி வந்தார்.

மேட்டுச் சாலை. வளைவு தாண்டியதும் இடது பக்கம் பள்ளம். கட்டிலும் பீரோவும் ஏற்றிய கடை வண்டி, இடது முன்சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டுச் சாய்ந்து கிடந்தது.

"கல்லு கிடந்தா, உன் கண்ணு எங்கேய்யா போச்சு?"

"வளைவுல திரும்புறேன், எதிர்லயே கல்லு. வலது பக்கம் ஒடிக்கலாம்னா ஸ்கூட்டர்ல ஒரு அம்மாவும் குழந்தையும் வந்தாங்க முதலாளி. அதான் இடது பக்கம் ஒடிச்சேன்" என்றார் டிரைவர். முழங்கையில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"பதினோரு வருஷம் ஓட்டினவன் சொல்ற பதிலா இது? கடைக்குப் போனதும் சாவியை வெச்சுட்டுக் கிளம்பு. நாளைக்கு வேற ஆளு."

டிரைவர் கல்லைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். மகளுக்குக் கல்லூரி திறக்க இன்னும் ரெண்டே வாரம்.

"மீட்பு வண்டிக்குப் போன் பண்ணிட்டேன். ஒரு மணி நேரத்துல வந்துடும்" என்றார் கடைசியில்.

"ஒரு மணி நேரமா? அதுக்குள்ள நான் நாலு வண்டியைத் தூக்கிடுவேன்!"

பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஒரு டிராக்டரை முதலாளியே கையோடு கூட்டி வந்தார். கயிற்றை வாங்கி, பம்பரில் தானே கட்டினார்.

"பம்பர்ல வேண்டாம் முதலாளி. அடியில இழுக்கறதுக்குன்னே கொக்கி இருக்கு."

"வண்டியைப் பள்ளத்துல விட்டவன் எனக்குக் கயிறு கட்டச் சொல்லித் தர்றியா? நீ இழுய்யா!"

டிராக்டர் உறுமியது. கயிறு விறைத்தது. படாரென்று ஒரு சத்தம். டிராக்டர் குடுகுடுவென்று மேட்டில் ஏறியது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

"வந்தது பம்பர்யா!"

முதலாளி அசரவில்லை. இரண்டாவது தடவை கயிற்றை அச்சில் கட்டச் சொன்னார். வண்டி ஒரு முழம் மேலே வந்தது. கயிறு அறுந்தது. வந்த வேகத்தில் வண்டி பின்னால் சரிந்து, பின்சக்கரத்தையும் பள்ளத்தில் இறக்கியது. உள்ளே பீரோ 'டம்'மென்று ஒரு வார்த்தை சொல்லி அடங்கியது.

சூளையில் வேலை இருப்பது டிராக்டர்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மீட்பு வண்டிக்காரர் வந்து இறங்கினார். பம்பர் இல்லாத முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

"முதல் வைத்தியம் யாரு பார்த்தது?"

"நான்தான்" என்றார் முதலாளி.

"அதான் நோயாளி இப்படிக் கிடக்கறாரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தன் வண்டியை மேட்டில் நிறுத்தி, இரும்புக் கயிற்றைக் கொண்டு போய் அடிக்கொக்கியில் மாட்டினார். இழுக்கத் தொடங்கியதும் விஷயம் தலைகீழானது. பள்ளத்து வண்டி மேலே வருவதற்குப் பதில், மீட்பு வண்டி கீழே நழுவியது.

"முட்டுக் கொடுக்க ஒரு கல்லு! சீக்கிரம்!"

டிரைவர் ஓடினார். அதே கல்லை உருட்டிக்கொண்டு வந்து மீட்பு வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். நழுவியது நின்றது.

"பலே! அளவெடுத்து வெச்ச மாதிரி உட்காருதே" என்றார் மீட்பு வண்டிக்காரர்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கால் மணி நேரத்தில் வண்டி சாலைக்கு வந்தது. மூஞ்சி போயிருந்ததே தவிர, மற்றதெல்லாம் சரியாக இருந்தது. மீட்பு வண்டிக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். போனில் கட்டில் வாங்கியவர் நாலாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா யோசனை? எடு வண்டியை."

"கல்லு நடுரோட்டுல கிடக்கு முதலாளி."

"கிடக்கட்டும்யா. அதை எடுக்கற நேரத்துல பாதி தூரம் போயிடலாம். பின்னால வர்றவனுக்குக் கண்ணு இருக்குல்ல?"

டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. சாவியைத் திருப்பி உருவி, முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

"போன செவ்வாய்க்கிழமை இதே மேட்டுல இன்ஜின் சூடாகி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? முட்டுக் கொடுத்தது இதே கல்லுதான். கிளம்பும்போது எடுத்துப் போடறேன்னேன். இதே வார்த்தையைத்தான் சொன்னீங்க. நீங்க அன்னைக்கு சீட்டை விட்டு இறங்கலை. அதான் இன்னைக்கு அடையாளம் தெரியலை."

முதலாளியின் கையில் போன் அடித்து ஓய்ந்தது.

"சொன்னது நீங்கன்னாலும், வெச்சுட்டு வந்த கை என்னோடது. அதனாலதான் அத்தனை பேர் முன்னால வாயைத் திறக்கலை. வேலை போனாப் போகட்டும். ஆனா காலையிலேர்ந்து அந்தப் புண்ணியவானைத் தேடிட்டு இருந்தீங்களே முதலாளி..."

டிரைவர் கையை நீட்டி, முதலாளி பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"இப்பவாவது அவரை இறங்கி வந்து அந்தக் கல்லை எடுத்துப் போடச் சொல்லுங்க."