அரை டம்ளர் தேநீர்

மாலை வெயில் தையல்கடை மாடியின் ஜன்னல் வழியாக ஏறி வந்து, வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருக்கிறது. குடியை விட்டவர்களின் கூட்டம் இது. விடப் பார்க்கிறவர்களுக்கும் இடம் உண்டு. புதிதாக வந்திருக்கும் துறைமுகக் கிரேன் ஓட்டுநர் வாசற்படியோடு நின்றுவிட்டார். திரும்பிப் போகத் தோதாக விரலில் மாட்டியிருக்கும் வண்டிச் சாவி தானாகவே கிணுகிணுக்கிறது. கப்பலையே தூக்கித் துடைத்து வைத்த கை அது. யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். கூட்டத்தில் பழைய ஆளான சலூன்காரர் அவரிடம் தேநீரை நீட்டுகிறார். “என்னங்க, அரை டம்ளர்தான் இருக்கு? நான் என்ன அரை ஆளா?” “முதல் நாள் எல்லாருக்கும் அரைதாண்ணே. நான் வந்தன்னைக்கு என் கை ஆடுன ஆட்டத்துல, சர்க்கரை கலக்கக் கரண்டியே தேவைப்படல.” ஓட்டுநரின் மீசை சிரிக்கப் பார்க்கிறது. இரண்டு கையாலும் வாங்குகிறார். சாவி டம்ளரில் தாளம் போடுகிறது. உடனே எல்லோரும் மின்விசிறியை, அது இன்றுதான் வானத்திலிருந்து இறங்கியது போல, அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் மட்டும் ஓரக்கண்ணால் அவரை. தேநீர் அலையடித்து விளிம்பு வரை ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. குடித்து நிமிர்ந்தவர் கண்ணில் சலூன்காரரின் டம்ளர் படுகிறது. ஒற்றைக் கையில், தளும்பத் தளும்ப நிறைந்திருக்கிறது. அதில் ஜன்னல் அசையாமல் கிடக்கிறது. ஓட்டுநர் மலையைப் பார்ப்பது போல அதையே பார்க்கிறார். “இந்தக் கையா ஆடுச்சு?” “இதே கைதாண்ணே.” சாவி சட்டைப்பைக்குள் போகிறது. அவர் உள்ளே வருகிறார். வாசலோரத்து நாற்காலியிலிருந்து வெயில் எழுந்து அவருக்கு இடம் கொடுக்கிறது.