பின்கட்டுப் பாய்

அன்னக்கொடிக்கு மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகிறது. முதல் மாதம் நாள் தள்ளிப்போனதுமே மாமியார் காசியம்மாள் தெருவுக்கே சர்க்கரை கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். மாமியார் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்க அன்னக்கொடிக்குத் தெம்பில்லை. அதனால் மாதா மாதம் ஒன்பதாம் தேதி, "தூரமாயிட்டேன் அத்தே" என்று பொய் சொல்லிவிட்டுக் கொல்லைப்புற அறையில் மூன்று நாள் உட்கார்ந்துவிடுவாள். கறையே படாத துணியை அலசிக் கொடியில் போடுவாள். அங்கே அதற்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தம்ளர். மாமியார் சோற்றை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுவாள்.

இந்த மாதம் அம்மா வீட்டுக்குப் போனவள் பத்தாம் தேதி காலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வீட்டுக்குள் நுழையாமல் கொல்லைப்பக்கம் வந்து நின்று, எப்போதும்போல் சொன்னாள்.

"அதான் தெரியுமே," என்றாள் மாமியார் அடுப்படியிலிருந்து. "நேத்திக்கே வந்து உக்காந்துட்டியே. ரெண்டு வேளையும் நாந்தானே சோறு வெச்சேன். இப்பல்லாம் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டேங்குற."

அன்னக்கொடி அறைக்கதவைத் தள்ளினாள். தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பாய் விரித்திருந்தது. அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம், இன்னும் காயவில்லை.

வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பாயில் பாதி இடம் விட்டு உட்கார்ந்தாள்.