லட்ரீஸ் தொட மறுத்த தட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவர் மிஸ் ஒடெல்லா. டெட்ராயிட்டின் கிழக்குப் பகுதியில், ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் தெருவே திரண்டு போகும் ஸ்கேட்டிங் கூடத்தில் சக்கரக் காலணி வாடகைக்குக் கொடுப்பவர்.

அன்று ஏழெட்டுப் பேர் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, ரயில்போல வளைந்து வந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று பாட்டின் தாளம் இரண்டாகப் பிளந்தது. ஒரு கால் ஒரு தாளத்துக்குப் போயிற்று; மறு கால் மற்றதற்குப் போயிற்று. ரயில் முழுவதும் தரையில் கிடந்தது.

"யாருய்யா அது, பாட்டுக்குள்ள குதிரைய அவுத்து விட்டது?" என்று முழங்காலைத் தேய்த்தபடி ஒருவர் கத்தினார்.

எல்லோரும், பாட்டுப் போடுகிறவர்கள் நிற்கும் டி.ஜே. கூண்டை அண்ணாந்து பார்த்தார்கள். கூண்டின் சுவர் மார்பளவு; கீழிருந்து பார்த்தால் தலைகள் தெரியும், கைகள் தெரியா.

அங்கே இரண்டு தலைகள். ஒருவர், கால் நூற்றாண்டாக அந்தக் கூடத்தையே ஆட்டிவைக்கும் தாடியஸ். மற்றவள், ஞாயிறுதோறும் அவருக்குரிய இரண்டு மணி நேரத்தில் அவரோடு ஆளுக்கொரு இசைத்தட்டாக மாறி மாறிப் போடும் லட்ரீஸ். வார நாள்களில் நகரப் பேருந்து ஓட்டுபவள். அன்று முதல் முறையாக ஒரு மணி நேரம் அவளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அது தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன.

கூடத்தின் உரிமையாளர் கிளியோஃபஸ் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்.

"யார் போட்ட தட்டு அது?"

"நான் போட்டது," என்றாள் லட்ரீஸ், கேள்வி முடியும் முன்பே. "ஆனா என்னைச் சொல்லாதீங்க. இடது பக்க மிஷின் பழுது. வேகம் ஒரே சீரா நிக்கல."

"உன் பஸ்ஸு லேட்டானாலும் ரோட்டைத்தான் திட்டுவியா, பேபி?" என்று கீழிருந்து ஒடெல்லா கேட்க, கூடம் சிரித்தது.

கிளியோஃபஸ் குனிந்து பார்த்தார். தட்டு சுழலும் வட்டின் விளிம்பில் சிறு புள்ளிகள் உண்டு. வேகம் சரியாக இருந்தால், பக்கத்திலுள்ள சிவப்பு விளக்கின் ஒளியில் அவை அசையாமல் நிற்பதுபோலத் தெரியும்.

ஆணி அடித்ததுபோல நின்றன.

"புள்ளி நகருதா?"

"நகரல."

"அப்ப மிஷின் சரியாத்தானே ஓடுது?"

"இல்ல."

"கண்ணு முன்னாடி நிக்குதேம்மா!"

"இப்ப நிக்குது, மிஸ்டர் கிளியோ. அப்ப நிக்கல."

ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை அதன்மேல் ஏற்றித் தாளம் சேர்ப்பது பழக்கத்தால் வருவது. அடுத்த பாட்டை ஒரு காதில் ஹெட்போனிலும், ஓடுகிற பாட்டைத் திறந்திருக்கும் மறு காதிலும் கேட்டு, இரண்டும் ஒன்றாய் விழும்வரை விரலால் வேகத்தைத் திருத்த வேண்டும்.

"உனக்குப் பழக்கம் பத்தல. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல," என்று கிளியோஃபஸ் குரலைத் தணித்தார். "மைக்ல ஒரு வார்த்தை, 'இன்னும் பழகணும், மன்னிச்சிடுங்க'ன்னு சொல்லு. உன் ஒரு மணி நேரம் உனக்கே."

"பழகலன்னு மட்டும் என் வாயால வராது."

"சரி. இதே மிஷின், இதே ரெண்டு தட்டு. இப்ப சேத்துக் காட்டு. சேந்துட்டா, மைக்ல நான் மன்னிப்புக் கேக்கறேன்."

கீழே கைதட்டல் எழுந்தது. லட்ரீஸ் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"தொட மாட்டேன்."

"பயமா?"

"தொட மாட்டேன்னா மாட்டேன்."

"சரக்கு இருந்தா காட்டியிருப்பாளே!" என்று கீழே ஒரு குரல் கொக்கரித்தது.

"அப்ப அந்த ஒரு மணி நேரம் கிடையாது," என்றார் கிளியோஃபஸ். "இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமேலும்."

"நீங்களே வெச்சுக்கங்க."

அவள் தன் தட்டுப் பெட்டியைத் தூக்கினாள். தலை குனியவில்லை.

"நீ சொல்லு தாடியஸ், இவளுக்குத் திமிருதானே?" என்று கிளியோஃபஸ் கேட்டார். இடப்பக்கம் நின்று கேட்ட அந்தக் கேள்விக்குத் தாடியஸ் திரும்பவே இல்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். லட்ரீஸின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"அங்கிள், வேணாம்!" அன்று அவள் குரல் இறங்கியது அந்த ஒருமுறைதான்.

"அந்தத் தட்டைப் போட்டது நான்," என்றார் தாடியஸ். "போன பனிக்காலத்தோட என் இடது காது போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. இவளாவே கண்டுபிடிச்சா. அன்னியிலேர்ந்து என் தட்டையும் இவதான் பக்கத்துல நின்னு விரலால திருத்தறா. இன்னிக்குத் தன்னோட முதல் மணி நேரத்துக்குத் தட்டு பொறுக்கத் திரும்பினா. அந்த நேரத்துல நான் கவுத்துட்டேன்."

கூடத்தில் ஒரு சக்கரமும் உருளவில்லை.

"இப்ப இவ தொட்டிருந்தா, தாளம் ஒட்டியிருக்கும். மிஷினும் சரி, இவளும் சரின்னு ஆயிருக்கும். அப்புறம் நீங்கள்லாம் யாரைப் பாத்திருப்பீங்க?"

அவர் கிளியோஃபஸை நோக்கினார். "இனிமே என்னோட ரெண்டு மணி நேரமும் அவளுக்குத்தான்."

லட்ரீஸ் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டுன்னு இவர்தான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கணும். இல்லாட்டி எனக்கு ஒரு நிமிஷமும் வேணாம்."

கிளியோஃபஸ் தாடியஸிடம் கை நீட்டினார். மைக்கை வாங்கி, எல்லோருக்கும் கேட்க, அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

அவளிடமிருந்து பறித்தது ஒரு மணி நேரம். திருப்பிக் கொடுத்தது மூன்று மணி நேரம்.