வண்டி நிக்கட்டும்!

விஜயபுரம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ரோட்டு நடுவில் இரண்டு மாடுகள். ஒன்று வெள்ளை, இன்னொன்று செவலை. கல்யாண வீட்டில் பந்தி முடித்துவிட்டு வந்தவை மாதிரி சாவகாசமாகப் படுத்திருந்தன.

கொஞ்சம் தள்ளியே சடாரென்று பிரேக் போட்டு நின்றது இன்ஜினியர் விஜயராகவனின் ஜீப். டிரைவர் கிருஷ்ணப்பா ஹாரனை அமுக்கினார். வெள்ளை மாடு வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. செவலை அதைக்கூடச் செய்யவில்லை.

"போச்சுடா!" ரோட்டோரம் நின்ற தரணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தரணி நகரிக்காரப் பெண், ஓவியம் படித்தவள். திருப்பதியில் விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, சொந்தமாகச் சின்னக் கம்பெனி ஒன்று ஆரம்பித்திருந்தாள். பள்ளிக்கூட வாசல்களில் வண்டிகள் வேகத்தைக் குறைக்கிற மாதிரி ரோட்டிலேயே படம் வரைந்து கொடுப்பதுதான் தொழில்.

இந்தப் பள்ளி வாசலில் வரைந்திருப்பதுதான் அவளுடைய முதல் படம். போன மாதம் இதே இடத்தில் ரோட்டைத் தாண்டிய ஒரு சிறுமியை பைக் இடித்துக் கால் உடைந்திருந்தது. இன்ஜினியருக்குப் படம் பிடித்துவிட்டால் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அவள்தான் வரைவாள். பிடிக்காவிட்டால் நாளைக்கே தார் ஊற்றி மூடிவிடுவார்கள்.

அவர் போனிலேயே அடித்துச் சொல்லியிருந்தார். "படத்தைப் பார்த்து எவம்மா வண்டிய நிறுத்துவான்? என் வண்டி நிக்கட்டும், எல்லா ஸ்கூலுக்கும் நானே கையெழுத்து போடறேன்!"

அப்பேர்ப்பட்ட மனிதர் வருகிற நேரம் பார்த்தா மாடு வந்து படுக்க வேண்டும்? தரணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஜீப்பைப் பார்த்து ஓடினாள்.

இன்ஜினியர் கதவைத் திறக்கப் போனார்.

"இறங்காதீங்க சார்! ஜீப்புல இருந்து பார்த்தாதான் நல்லா தெரியும்."

"மொதல்ல மாட்டை ஓட்டச் சொல்லும்மா. எனக்கு சித்தூர்ல மீட்டிங் இருக்குது."

அதற்குள் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து குச்சியும் கையுமாக ஓடிவந்தாள் ரத்தினம்மா. "எழுந்திருடி! துன்னுட்டு வந்து படுக்கறதுக்கு தார் ரோடு உனக்கு மெத்தையா?" என்று வெள்ளை மாட்டின் முதுகில் ஒன்று வைத்தாள். அது அலுத்துக்கொண்டே எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தது.

"அப்பிடியே அந்த செவலையையும் ஓட்டும்மா!" என்றார் இன்ஜினியர்.

"அது என்னுது இல்ல சார். தோ, இந்தப் பாப்பாவுது." தரணியைக் காட்டிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள் ரத்தினம்மா.

இன்ஜினியர் தரணியை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பெனி நடத்தறேன்னு சொன்னே, மாடு வேற வளர்க்கிறியா?"

ஒரு நிமிடம் முன்னால் அழுதுகொண்டிருந்த தரணி, இப்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏமய்யா கிருஷ்ணப்பா, ஹாரனை நல்லா அடிய்யா!"

"அடிச்சிக்கினுதான் சார் இருக்கேன். செவிட்டு மாடு போல, காதைக்கூட ஆட்ட மாட்டேங்குது. சைடுல போயிடலாமா?"

"வேணாம்யா. மேல பட்டுச்சுன்னா ஊரே திரண்டு வந்துடும்."

பின்னால் நகரி பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் ரெண்டு பைக், ஒரு டிராக்டர். ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். பிள்ளைகள் கும்பல் கும்பலாக, ஓட்டமும் இல்லாமல் பயமும் இல்லாமல், கதை பேசிக்கொண்டே ரோட்டைத் தாண்டி பள்ளிக்குள் போனார்கள். கடைசிப் பிள்ளை கேட்டுக்குள் நுழையும்வரை தரணி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு நிறைந்துவிட்டது அவளுக்கு.

இன்ஜினியருக்குப் பொறுமை போய்விட்டது. "தேவுடா! ஏம்மா, எவ்ளோ நேரம்மா நான் நிக்கறது? உன் மாட்டை ஓட்டிட்டு, சீக்கிரம் அந்தப் படத்தைக் காட்டு!"

தரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சார், அதுதான் படம்!"